உவர்த்துப்போன ஊற்றுகள்

ஆற்றின் மேலே நீர் ஓடாவிட்டாலும் அடியில் ஊற்று ஓடும் என்பது பாலாற்றங்கரை மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்த உண்மை. வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா ஆகிய ஊர்களைக் கடந்து வரும் இவ்வாற்றின் கரையில் அமைந்த விரிஞ்சிபுரம் போன்ற ஊர்கள், ஊற்றுக்கால்களையும் கிணறுகளையும் நம்பியே வாழ்ந்தன. அவ்வூற்றுகள் உவர்த்த வரலாற்றையும், அதனைத் தடுக்க எடுத்த முயற்சிகளையும் நாம் அறிந்திருத்தல் நலம்.

தோல் பதனிடுதல் இப்பகுதிக்குப் புதிய தொழிலன்று. முற்காலத்தில் ஆவாரம்பட்டை முதலியவற்றைக் கொண்டே தோல் பதமாக்கப்பட்டது. 1970-களின் முற்பகுதியில், அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு நடுவண் அரசு வரம்பு விதித்து, முழுமையாகப் பதனிட்ட தோலை ஊக்குவித்தது. அதன்பின் குரோமிய உப்பால் விரைந்து பதனிடும் முறை பெருகியது. அந்நியச் செலாவணி வந்தது. பல்லாயிரம் குடும்பங்களுக்கு வேலையும் கிடைத்தது. ஆனால் ஒரு கிலோ தோலுக்கு 30 லிட்டருக்கும் மேலாகச் செலவான நீர், உப்பையும் சுண்ணாம்பையும் குரோமியத்தையும் சுமந்துகொண்டு ஓடைகளிலும் ஆற்றுமணலிலும் இறங்கியது.

1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்சநீதிமன்றத்தை நாடியது. தோல் தொழிற்சாலைகள் மிகுந்த பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்று நீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 28-8-1996 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே பாதிக்கப்பட்டோருக்கு ஈடு செய்யவேண்டும், நிலத்தையும் நீரையும் சீராக்கும் செலவையும் அவரே ஏற்கவேண்டும் என்பது அதன் சாரம். கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்யாத தொழிற்சாலை இயங்கக் கூடாது என்றும் அது ஆணையிட்டது.

தொழிற்சாலைகள் சேர்ந்து அமைத்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இதனால் விரைவு பெற்றன. அங்கே கழிவுநீர் முதலில் சல்லடையில் வடிகட்டப்படுகிறது. பின்னர்த் தொட்டியில் தங்கிச் சேறு படிகிறது. அடுத்துக் காற்றைச் செலுத்த, நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. நாற்றமும் நிறமும் பெரிதும் குறைகின்றன. ஆயினும் கரைந்த உப்பு படிவதுமில்லை, தின்னப்படுவதுமில்லை. பார்வைக்குத் தெளிந்த அந்நீரும் பயிரைக் கருக்கும். எனவே பிற்காலத்தில் நுண்சவ்வுகளால் உப்பைப் பிரித்து, எஞ்சியதைக் கொதிகலன்களில் வற்றவைக்கும் முறை வந்தது. அப்போதும் உப்பு அழிவதில்லை, குவியலாக நிற்கிறது. அச்சேற்றைக் காப்பதும் எளிதன்று. 31-1-2015 அன்று இராணிப்பேட்டையில் கழிவுச்சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டனர்.

இழப்பீட்டின் கதையும் நீண்டது. தீர்ப்பைத் தொடர்ந்து அமைந்த ஆணையம் 2001-இல் பல்லாயிரம் குடும்பங்களுக்கு இழப்பீடு வரையறுத்தது. எனினும் 30-1-2025 அன்று, இன்னும் பெறாதவர்களுக்கு அதனை வழங்குமாறு உச்சநீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று. முதல் மனு எழுதப்பட்டபோது பிறந்த குழந்தை அதற்குள் முப்பது வயதைக் கடந்துவிட்டது.

இதில் எவரைக் குறை கூறுவது? தோல் வேலைக்குச் செல்பவரும் கிணற்றை இழந்தவரும் பெரும்பாலும் ஒரே ஊரார்; சில வேளைகளில் ஒரே வீட்டார். வேலையை மூடிவிட்டால் ஒருவர் பசிப்பார். மூடாமல் கழிவை விட்டால் மற்றவர் தவிப்பார். இவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்தியது தொழிலன்று, கணக்கு. விற்பனைக்குச் சென்ற காலணியின் விலையில் தோலுக்கும் கூலிக்கும் இடமிருந்தது, கிணற்றுக்கு இடமில்லை. அந்தச் செலவை ஏழை உழவரே சுமந்தார்.

கழிவுநீரைத் தூய்மையாக்குவது, உண்மையில், விடுபட்ட அச்செலவை உரியவர் கணக்கில் எழுதுவதே. அதனை இயந்திரம் மட்டும் செய்துவிடாது. அயலாரின் கிணற்றை நம் கிணறாக எண்ணும் நீதியுணர்வும் வேண்டும். ஆற்றுக்கு மேற்புறம் ஓர் ஊர் விடுவதையே கீழ்ப்புறத்து ஊர் இறைத்துக் குடிக்கிறது என்பதை நாம் மறவாதிருப்போமாக.