பூசலார் திருக்கோயிலும் அரசாணையின் எல்லையும்

தொண்டை நாட்டிலே, சென்னைக்கு மேற்கில், ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் இடையே அமைந்தது திருநின்றவூர். பூசலார் நாயனார் அவதரித்த பதி இதுவே. சிவபெருமானுக்கு ஆலயம் எடுக்க விழைந்த அவர், வேண்டும் பொருளை எங்கும் தேடியும் பெறாராய், மனத்தினாலே நிதியும் கருவியும் தச்சரும் கூட்டி, அடிநிலை முதல் சிகரம் ஈறாகத் திருப்பணி முடித்துத் தாபனத்திற்கு நாளும் குறித்தனர். காஞ்சியிலே கற்றளி எடுத்த காடவர் கோமானும் அந்நாளையே குறித்திருந்தனன். இறைவன் அரசன் கனவில் எழுந்தருளி, நின்றவூர் அன்பன் எடுத்த ஆலயத்துள் யாம் நாளைப் புகுவேமாதலின் நீ வேறு நாள் கொள்க என்றருளினன். அரசன் நின்றவூர் புகுந்து வினவ, பூசலார் கோயில் ஒன்றும் எடுத்திலர் என்றனர் ஊரார். பின் அவர் வாயிலாகவே உண்மை உணர்ந்த வேந்தன் நிலமுற வீழ்ந்து வணங்கி மீண்டனன். இருதயாலீசுவரர் என்னும் திருநாமம் இவ்வரலாற்றை இன்றும் அவ்வூரில் நினைப்பிக்கின்றது.

இவ்வரசன், கயிலாசநாதர் கோயில் எடுத்த இராசசிம்ம பல்லவனே என்பர் ஆராய்ச்சியாளர். அவன் அசரீரி வாக்குக் கேட்டான் எனக் குறிக்கும் அக்கோயிற் கல்வெட்டை அவர்கள் சான்றாகக் காட்டுவர். கி.பி. 700-ஐ ஒட்டித் தொடங்கியது அவன் ஆட்சி.

இவ்வரலாற்றில் சைவர் சிந்திக்கற்பாலது ஒன்றுண்டு. நாட்டையும் நிதியையும் தன் ஆணையிற் கொண்ட வேந்தன், ஓர் அடியவர் உள்ளத்துள் நிகழ்ந்த தாபனத்தின்பொருட்டுத் தன் நாளை மாற்றிக்கொண்டான். ஆணை செல்லும் இடம் வேறு, செல்லாத இடம் வேறு என்பது இதனாற் போதரும்.

இதற்கு மறுதலையாயது திருநாவுக்கரசர் வரலாறு. அவர் சமயம் மாறியதனையே குற்றமாகக் கொண்டு, பல்லவ மன்னன் நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லும் ஏவினன். அவனை முதலாம் மகேந்திரவர்மன் என்பர். யார்க்கும் அடிமையல்லேம் என்னும் உறுதியோடு அழைப்பை மறுத்து நின்றார் அப்பர். கொலைக் கருவிகள் உடலளவிற் சென்றனவேயன்றி உள்ளத்தை அணுகவில்லை.

அற்றேல், அரசன் தண்டம் ஈசன் அருள்வழிப்பட்டதெனச் சிவஞான சித்தியார் கூறுவதென்னை எனின், ஆண்டுக் கூறப்பட்டது தீவினை செய்தாரை ஒறுத்துத் திருத்தும் முறையாம். வினை பிறராற் காணப்படுவது. சான்று கொண்டு தேறப்படுவது. நம்பிக்கை அன்னதன்று.

இவ்வேறுபாட்டைச் சுந்தரமூர்த்தி நாயனார் திருமணத்திலும் காணலாம். புத்தூரில் மணவினை நிகழும் பொழுதில் முதிய வேதியராய் வந்த இறைவன் அடிமை வழக்குத் தொடுத்தனன். வெண்ணெய்நல்லூர் அவையத்தார் மூலவோலையைப் படித்து, பாட்டனார் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுச் சான்றும் தேர்ந்து தீர்ப்பு உரைத்தனர். நம்பியாரூரர் உள்ளத்து அன்பு எத்தகையது என அவர்கள் வினாவவில்லை. ஆவணமும் கடப்பாடுமே அவர்கள் ஆராய்ச்சிக்குரியன.

பிற்காலத்து வரலாற்றை இவ்வளவைகொண்டு நோக்குக. 1858-ஆம் ஆண்டு விக்டோரியா அரசியார் பிரகடனம், குடிகளின் சமய நம்பிக்கையிலும் வழிபாட்டிலும் தலையிடலாகாது என அதிகாரிகளுக்குக் கட்டளையிட்டது. ஆயினும், பிரம சமாசத்தார் முயற்சியாற் பிறந்த 1872-ஆம் ஆண்டு மூன்றாம் சட்டம், அதன்படி மணப்போர் தாம் இந்துவோ கிறித்தவரோ முசுலிமோ பௌத்தரோ சமணரோ அல்லர் என உறுதிமொழி தரவேண்டும் என விதித்தது. மணம் வேண்டுவார் சமயத்தைத் துறக்க வேண்டிய நிலை அது. ஆணை உள்ளத்தினுட் புகுந்தது இங்கே என்க. 1923-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்துக்கள், பௌத்தர், சீக்கியர், சமணர் ஆகியோர்க்கு மட்டும் இத்தளையை நெகிழ்த்தது. 1954-ஆம் ஆண்டுத் தனித் திருமணச் சட்டமே யாவர்க்கும் அதனை ஒழித்தது.

1929-இல் நிறைவேறி 1930 ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம் வேறு வகையது. பெண்ணுக்குப் பதினான்கும் ஆணுக்குப் பதினெட்டும் ஆகிய வயது வரம்பு விதித்த அதனைச் சமயத் தலையீடு என எதிர்த்தார் பலர். ஆனால் அது யார் தெய்வத்தையும் வினவவில்லை. தன் நிலையைத் தான் உரைக்கலாற்றாத இளஞ்சிறாரையே காத்தது. பிறர்க்கு ஊறு விளையுமிடத்து அரசன் வாளா இருத்தல் முறையன்று.

தமிழ்நாட்டில் 1920-ஆம் ஆண்டுகளின் இறுதியில் பரவிய சுயமரியாதைத் திருமணங்கள் மற்றொரு வினாவை எழுப்பின. புரோகிதரும் சடங்குமின்றி நிகழ்ந்த அவை சட்டப்படி மணமாகா என 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் அத்தகைய இல்லங்களில் மனைவியர் உரிமையும் மக்கள் உரிமையும் ஐயத்துக்கிடமாயின. 1967-இல் இயற்றப்பெற்று 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் 7-அ பிரிவு சேர்ந்தது. உறவினர் நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாக உரைத்தலோ, மாலையோ மோதிரமோ அணிவித்தலோ, தாலி கட்டுதலோ செய்யின் அது மணமாம் என்றது அப்பிரிவு.

இத்திருத்தம் சைவ மணத்தை அழித்ததோ எனின், இல்லை. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம், இருவருள் ஒருவர் மரபுக்குரிய சடங்கின்படி மணம் நிகழ்த்தலாம் என்றதும் அவ்வாறே நிற்கின்றது. எரிவலம் வருவார்க்குத் தடையில்லை. வேண்டாதார் மீது அது சுமத்தப்படவுமில்லை. வேண்டாதாரை அக்கினி முன் நிறுத்திப் பெறும் சடங்கினால் சிவனுக்கு யாது பூசை? அஃது 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிழையையே மறுபுறம் திருப்பிச் செய்ததாகும்.

ஆகவே அரசாணையின் எல்லை இதுவாம்: மணப்போர் வயதும் இசைவும், முன்மணம் உளதோ என்பதும், மனைவி மக்கள் உரிமையும் அரசு ஆராயற்பாலன. எத்தெய்வத்தை முன்னிட்டு மணப்பது, எம்மந்திரம் ஓதுவது என்பன அதன் ஆணைக்கு அப்பாற்பட்டன. 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவும் மனச்சான்று உரிமையைத் தந்து, பொது ஒழுங்கு, ஒழுக்கம், நலவாழ்வு என்பவற்றை வரம்பாக்கியது.

இவ்வெல்லை அரசுக்கேயன்றிச் சமயத்தார்க்கும் உரியது. சைவ மணத்தின் சிறப்பைச் சட்டத்தின் துணைகொண்டு நிலைநிறுத்தல் இயலாது. அதன் பொருளை மணமக்கள் அறியக் கற்பிப்பதே அடியார் கடன். பூசலார் அரசனிடம் பொருளும் வேண்டிற்றிலர், ஆணையும் வேண்டிற்றிலர். அவர் எடுத்த கோயிலுக்குள்ளேயே இறைவன் முதலிற் புகுந்தனன்.