மருத்துவமனைத் தொற்றுத் தடுப்பு

மருத்துவமனைத் தொற்று என்பது வேறொரு நோய்க்காக மருத்துவமனைக்கு வந்த ஒருவருக்கு, அங்கு பெறும் சிகிச்சையின் போது புதிதாக ஏற்படும் தொற்று ஆகும். சேர்க்கப்படும் போது இல்லாமல், 48 மணி நேரத்திற்குப் பின் தோன்றும் தொற்றுகள் பொதுவாக இவ்வகையில் அடங்கும். அறுவைப் புண்ணில் வரும் தொற்று, நோயாளி வீடு திரும்பிய பின்னரும் வெளிப்படலாம். மருத்துவர், செவிலியர், ஆய்வகப் பணியாளர், தூய்மைப் பணியாளர் ஆகியோர் பணியின் போது பெறும் தொற்றுகளும் இதில் சேரும். இவற்றைத் தவிர்க்கும் நடைமுறைகளின் தொகுப்பே மருத்துவமனைத் தொற்றுத் தடுப்பு எனப்படும்.

உலக சுகாதார அமைப்பின் 2022 ஆம் ஆண்டு அறிக்கையின்படி, மருத்துவமனையில் சேர்க்கப்படும் ஒவ்வொரு 100 பேரிலும், வருவாய் மிகுந்த நாடுகளில் 7 பேரும் ஏனைய நாடுகளில் 15 பேரும் குறைந்தது ஒரு தொற்றையாவது அங்கு பெறுகின்றனர். கைத்தூய்மை முதலிய எளிய நடைமுறைகளால் இவற்றுள் 70 விழுக்காடு வரை தவிர்க்கலாம் என அவ்வறிக்கை கூறுகிறது.

வரலாறு

1847 இல் வியன்னா பொது மருத்துவமனையில் பணியாற்றிய இக்னாசு செம்மல்வைசு, பிணக்கூறாய்வு செய்த மருத்துவர்களின் கைகள் வழியாகவே பேறுகாலக் காய்ச்சல் தாய்மாருக்குப் பரவுகிறது எனக் கருதினார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவுவதை அவர் கட்டாயமாக்கினார். அவ்வாண்டு ஏப்ரலில் சுமார் 18 விழுக்காடாக இருந்த தாய்மார் இறப்பு, ஜூனில் சுமார் 2 விழுக்காடாகக் குறைந்தது. எனினும் அக்கால மருத்துவர் பலர் அவரது கருத்தை ஏற்கவில்லை. 1867 இல் யோசப்பு லிசுட்டர், கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு அறுவைப் புண்களில் தொற்றைத் தடுக்கும் முறையை வெளியிட்டார்.

பரவும் வழிகள்

மருத்துவமனைத் தொற்றுகளுள் நான்கு வகைகள் முதன்மையானவை.
- சிறுநீர்க் குழாய் பொருத்துவதால் வரும் சிறுநீர்ப்பாதைத் தொற்று
- சிரைகளில் செருகப்படும் குழாய்கள் வழி வரும் இரத்தத் தொற்று
- செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தப்பட்டோருக்கு வரும் நுரையீரல் அழற்சி
- அறுவைப் புண் தொற்று

இவற்றுள் முதல் மூன்றும் உடலுக்குள் செலுத்தப்படும் குழாய்களோடு தொடர்புடையவை. எனவே தேவையின்றிக் குழாய் பொருத்தாமையும், தேவை முடிந்தவுடன் அகற்றுதலும் தடுப்பின் முதற்படிகளாகும். நோய்க்கிருமிகளை ஒரு கட்டிலிலிருந்து மற்றொரு கட்டிலுக்குக் கொண்டு செல்வதில் பணியாளர்களின் கைகளே பெரும் பங்கு வகிக்கின்றன.

தடுப்பு முறைகள்

கைத்தூய்மை: உலக சுகாதார அமைப்பு ஐந்து தருணங்களில் கைகளைத் தூய்மை செய்யப் பரிந்துரைக்கிறது. அவை நோயாளியைத் தொடும் முன், ஊசி போடுதல் போன்ற செய்முறைகளுக்கு முன், உடல் நீர்மங்கள் பட்டிருக்கக்கூடிய நிலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரது சுற்றுப்புறப் பொருட்களைத் தொட்ட பின் என்பனவாகும். ஆல்ககால் கலந்த நீர்மத்தால் 20 முதல் 30 நொடிகளும், சோப்பும் நீரும் கொண்டு 40 முதல் 60 நொடிகளும் தூய்மை செய்ய வேண்டும். கையுறை அணிவது கை கழுவுவதற்கு மாற்று ஆகாது.

கருவிகளின் தூய்மை: அறுவைக் கருவிகள் முதலில் கழுவப்பட்டு, பின்னர் ஆட்டோகிளேவில் அழுத்த நீராவியால் கிருமிநீக்கம் செய்யப்படுகின்றன. இரத்தக் கறை எஞ்சிய கருவியில் நீராவி முழுமையாகச் செயற்படாது.

கழிவு மேலாண்மை: இந்தியாவில் 1998 இல் இயற்றப்பட்ட மருத்துவக் கழிவு விதிகளுக்குப் பதிலாக 2016 இல் புதிய விதிகள் வந்தன. இவற்றின்படி உடற்பகுதிகளும் இரத்தம் தோய்ந்த பஞ்சும் மஞ்சள் பையிலும், குழாய், கையுறை போன்ற நெகிழிப் பொருட்கள் சிவப்புப் பையிலும், ஊசிகளும் கத்திகளும் துளைபடாத வெள்ளைக் கலனிலும், கண்ணாடிப் பொருட்கள் நீலக் கலனிலும் இடப்பட வேண்டும்.

பணியாளர் பாதுகாப்பு

தொற்றுள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால், எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு சுமார் 0.3 விழுக்காடு ஆகும். தடுப்பூசி பெறாதவருக்குக் கல்லீரல் அழற்சி பி பரவும் வாய்ப்பு 30 விழுக்காடு வரை இருக்கலாம். பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடியிடும் போது இவ்விபத்து எளிதில் நேர்கிறது. குத்திய இடத்தைச் சோப்பு நீரால் கழுவி, எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இயன்றவரை 2 மணி நேரத்திற்குள், பிந்தினாலும் 72 மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும்.

2018 இல் கேரளத்தின் கோழிக்கோட்டுப் பகுதியில் நிபா வைரசு பரவிய போது, நோயுற்றோருள் பலர் மருத்துவமனைகளிலேயே தொற்றைப் பெற்றனர். பேராம்பிரா வட்ட மருத்துவமனையில் அத்தகைய நோயாளியைப் பராமரித்த செவிலியர் லினி, அதே நோயால் 2018 மே 21 அன்று இறந்தார். நோயின் பெயர் தெரியும் முன்னரே தொற்று பரவிவிடுவதால், எல்லா நோயாளிகளிடத்தும் ஒரே வகையான முன்னெச்சரிக்கை தேவை என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

தமிழ்நாட்டில்

2010 இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியை முதன்மை ஆசிரியராகக் கொண்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. வலிமை மிக்க நுண்ணுயிர் எதிர்ப்பிகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 நொதி கொண்ட பாக்டீரியாக்கள் சென்னையில் 44 மாதிரிகளிலும் ஹரியானாவில் 26 மாதிரிகளிலும் காணப்பட்டதாக அது தெரிவித்தது. 2012 இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனம், மருந்துப் பயன்பாட்டுக் கட்டுப்பாட்டுடன் மருத்துவமனைத் தொற்றுத் தடுப்பையும் வலியுறுத்தியது.

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் கருவுற்றிருந்த பெண் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்டமை தெரியவந்தது. தமக்குத் தொற்று இருப்பதைப் பின்னர் அறிந்த கொடையாளர் தாமாகவே தெரிவித்ததால் இது வெளிப்பட்டது. இரத்தப் பரிசோதனையில் ஒரு படி தவறினாலும் விளைவு வாழ்நாள் முழுவதும் தொடரும் என்பதற்கு இது சான்றாகும்.

சிறு ஊர்களில் இத்தடுப்பு முறைகளின் இன்றியமையாமை குறைவதில்லை. நாமக்கல் மாவட்டத்தின் எருமப்பட்டி போன்ற பேரூராட்சியில் முதற்சிகிச்சை பெறும் நோயாளி, 2022 இல் தொடங்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ சேலம் அரசு மருத்துவமனைக்கோ அனுப்பப்படலாம். ஓரிடத்தில் பெற்ற கிருமி அவருடன் அடுத்த இடத்திற்கும் செல்லக்கூடும். நீர், சோப்பு, துளைபடாத ஊசிக் கலன் ஆகியவை சிறிய சுகாதார நிலையத்திலும் அமைக்கக்கூடியவை. நோயாளியின் துணைக்கு வருவோர் கை கழுவுவதும், கட்டிலில் அமராதிருப்பதும், காய்ச்சலோ சளியோ இருப்பின் நோயாளியைப் பார்க்க வருவதைத் தவிர்ப்பதும் இத்தடுப்பின் பகுதிகளே.

இவற்றையும் பார்க்க
- நுண்ணுயிர் எதிர்ப்பி
- கல்லீரல் அழற்சி பி
- இரத்த தானம்