ஹிட்ச்கொக் படத்தில் அப்பா கண்டுபிடித்த கமெரா

போன மாதம் அப்பாவுடன் உட்கார்ந்து 'ரியர் விண்டோ' பார்த்தேன். 1954 இல் ஹிட்ச்கொக் எடுத்த படம். கால் முறிந்து சக்கர நாற்காலியில் இருக்கும் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஜெஃப், பொழுதுபோகாமல் எதிர்வீட்டு ஜன்னல்களை நோட்டம் விடுகிறார். அங்கே ஒரு கொலை நடந்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறார். அவர் நீண்ட லென்ஸ் பூட்டிய கமெராவைத் தூக்கியதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உது எக்ஸாக்டா. பொத்தான் இடப்பக்கம் இருக்குப் பார். டிரெஸ்டனில செய்தது."

கமெராவின் முன்பக்கத்தில் பெயர் இருக்க வேண்டிய இடம் கறுப்பாக மறைக்கப்பட்டிருந்தது. ஆனாலும் அப்பா பிடித்துவிட்டார். பெரும்பாலான கமெராக்களில் வலக்கை விரலால் அமத்துவோம். எக்ஸாக்டாவில் அது இடக்கை வேலை. தேடிப் பார்த்தேன், அப்பா சொன்னது சரி. அது எக்ஸாக்டா வி.எக்ஸ்., அதில் பூட்டியிருப்பது 400 மில்லிமீற்றர் கில்ஃபிட் லென்ஸ்.

ஏன் அந்தக் கமெரா? அந்தக் காலத்து லைக்காவில் படம் எடுப்பது ஒரு லென்ஸ், நாம் பார்ப்பது மேலே உள்ள வேறொரு சின்னக் கண்ணாடி. எவ்வளவு நீண்ட லென்ஸ் பூட்டினாலும் அந்தக் கண்ணாடியில் காட்சி பெரிதாகாது. எக்ஸாக்டாவுக்குள் ஒரு சாய்ந்த ஆடி இருக்கிறது. படம் எடுக்கும் அதே லென்ஸ் வழியாகவே நாமும் பார்க்கிறோம். அதனால்தான் ஜெஃப் அதைத் தொலைநோக்கியாகப் பாவிக்க முடிகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த நீண்ட லென்ஸால் எதிர்வீட்டுக்காரரை ஒரு படம்கூட அவர் எடுப்பதில்லை!

படத்தின் கடைசிக் கட்டத்தையும் அந்தக் காலத்துக் கருவி தெரிந்தால்தான் முழுதாக ரசிக்கலாம். (படம் பார்க்காதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவுங்கள்.) கொலைகாரன் அறைக்குள் வரும்போது ஜெஃப் ஃபிளாஷ் அடித்து அவன் கண்ணைக் கூச வைக்கிறார். ஒவ்வொரு முறையும் பல்பை மாற்றுகிறார். ஏன் தெரியுமா? அன்றைய ஃபிளாஷ் பல்பில் மெல்லிய உலோக இழைகளும் ஒட்சிசனும் இருக்கும். ஒரே தடவைதான் எரியும். பல்பு மாற்றும் அந்தச் சில நொடிகளில்தான் கொலைகாரன் கிட்ட வருகிறான். கைத்தொலைபேசி ஃபிளாஷில் பழகிய எங்களுக்கு அந்தப் பயம் விளங்காது.

இப்போது கமெராவின் கதைக்கு வருவோம். அதைச் செய்த இஹாகே நிறுவனம் 1912 இல் டிரெஸ்டனில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் யோகான் ஸ்டேன்பெர்கன் என்ற டச்சுக்காரர். 1936 இல் வந்த கினே எக்ஸாக்டா, 35 மில்லிமீற்றர் ஃபிலிமுக்கு வந்த முதல் எஸ்.எல்.ஆர். கமெராக்களில் ஒன்று. போர்க்காலத்தில், 1942 இல், ஸ்டேன்பெர்கன் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். 1945 பெப்ரவரியில் டிரெஸ்டன் மீது விழுந்த குண்டுகளில் தொழிற்சாலை அழிந்தது. தொழிலாளர்கள் மறுபடி தொடங்கினார்கள். 1949 இல் அந்த ஊர் கிழக்கு ஜேர்மனிக்குள் போனது. ஆக, பனிப்போர் உச்சத்தில் இருந்தபோது, ஹொலிவூட் கதாநாயகன் கையில் இருந்தது ஒரு கம்யூனிச நாட்டுக் கமெரா.

பன்னிரண்டு வருடம் தாண்டி வாருங்கள். 1966 இல் வந்த 'ப்ளோ-அப்' படத்தில் லண்டன் புகைப்படக்காரர் கையில் இருப்பது நிக்கோன் எஃப், 1959 இல் ஜப்பானில் வந்தது. கமெராத் தொழில் ஜேர்மனியிடமிருந்து ஜப்பானுக்குக் கைமாறிய கதையை இந்த இரண்டு படங்களிலேயே பார்த்துவிடலாம். உங்களுக்குத் தெரிந்த படம் வேண்டுமா? ஹரி பொட்டர் இரண்டாம் படத்தில் கொலின் தூக்கித் திரிவது ஆர்கஸ் சி3. அமெரிக்காவின் மிச்சிகனில் செய்தது, கனமும் வடிவமும் சேர்ந்து 'செங்கல்' என்ற பட்டப்பெயர் வாங்கியது.

படம் முடிந்ததும் அப்பா சொன்னார்: "என்ர பிராக்டிகாவும் டிரெஸ்டன் சாமான்தான்."

எனக்குத் திக்கென்றது. அந்தப் பிராக்டிகாவை, ஏழு வருடங்களுக்கு முன் வீடு மாறும்போது, பழைய இரும்பு என்று குப்பையில் போட்டது நான். என் பிறந்தநாள் படங்கள் எல்லாம் அதில் எடுத்தவை. அப்பா அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்பா 1984 இல் வந்தவர். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் பலர் வந்த வழிதான்: கிழக்கு பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து மேற்கு பெர்லின். 1985 இல் விசா இல்லாத தமிழருக்கு அந்த வழியைக் கிழக்கு ஜேர்மனி அடைத்துவிட்டது. பிறகு மேற்கு ஜேர்மனியில் ஒரு பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைத்தது அந்தக் கமெரா.

"அந்த நாட்டில நான் நிண்டது அரை நாள். அதின்ர கமெராவை இருவது வருசத்துக்கு மேல வைச்சிருந்தன்," என்றார் சிரித்துக்கொண்டு. நான் மன்னிப்புக் கேட்டேன். "போனது போகட்டும், படங்கள் கிடக்குத்தானே" என்றார்.

இனிப் படம் பார்க்கும்போது யாராவது கமெராவைத் தூக்கினால் ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள். எந்த நாடு, எந்த வருடம், அந்த ஆளால் அதை வாங்க முடிந்திருக்குமா என்று யோசியுங்கள். உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒன்று கிடக்கலாம். எறிவதற்கு முன் திருப்பி, எங்கே செய்தது என்று வாசியுங்கள். பிறகு, அதை எப்படி வாங்கினீர்கள் என்று அப்பா அம்மாவிடம் கேளுங்கள்.