ஓய்ந்த ஆலை சொல்லும் பாடம்

சென்னைப் பெரம்பூரில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளைப் 'பின்னி ஆலை' என்றே மக்கள் அழைத்தனர். 1918 ஏப்ரல் 27 அன்று இத்தொழிலாளருக்காகவே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி. பி. வாடியா தலைமையேற்க, திரு. வி. க. தோள் கொடுத்தார். முறையாக அமைந்த தொழிற்சங்கங்களுள் இந்தியாவில் அதுவே முதலாவது என்பர்.

ஆயினும் 1921 வேலைநிறுத்தத்தில் அவ்வொற்றுமை சிதைந்தது. வறுமையால் நலிந்த ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்ப, மற்றையோர் வெளியே நின்றனர். பிளவு சாதிப் பகையாகிப் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆலையில் அறுந்த நூலை நொடியில் முடிந்த கைகள், அறுந்த உறவை முடியவில்லை.

1996-இல் ஆலை மூடப்பட்டது. வெறுமையான கூடங்கள் திரைப்படக் களமாயின. பின்னர் அடுக்குமாடிகளும் எழுந்தன. ஆலை மறைந்தது, அந்தப் பிளவு நம் தெருக்களில் மறைந்ததா? இதனை நாம் நம்மையே கேட்டுக்கொள்வோம்.