பாளையம் சுங்கச்சாவடி, தொப்பூர்

தருமபுரி மாவட்டத்தில், தொப்பூர் கணவாய்க்கு வடக்கே 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் உள்ள கட்டணச் சாவடி. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் இந்தச் சாலையின் இப்பகுதி முன்பு 7-ஆம் எண் நெடுஞ்சாலையாக இருந்தது. பெங்களூரு, ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமிருந்து சேலம், நாமக்கல், மதுரை போகும் சரக்கு லாரிகளுக்கு இதுதான் முதன்மையான வழி. தொப்பூரில் மேட்டூர், பவானி சாலை பிரிகிறது. கிருஷ்ணகிரி முதல் தொப்பூர் கணவாய் வரையிலான சுமார் 62 கி.மீ. சாலையை நான்கு வழியாக்கி, நடத்தி, பின்னர் ஒப்படைக்கும் உரிமம் 2006-ல் எல் அண்ட் டி குழும நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. கட்டணத்தை நிர்ணயிக்கும் 2008 விதிகளுக்கு முந்தைய ஒப்பந்தம் இது. அதனால் இங்கே கட்டணம் ஏப்ரல் 1-இல் மாறுவதில்லை. செப்டம்பர் 1-இல் மாறுகிறது. தமிழகத்தில் ஏறத்தாழ பாதிச் சாவடிகள் இந்தச் செப்டம்பர் பட்டியலில்தான் வருகின்றன.

சாலைக்குக் காசு வாங்குவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. வெள்ளையர் ஆட்சியில் உள்ளாட்சி வாரியங்கள் சாலைகளில் ‘டோல்கேட்’ வைத்து மாட்டு வண்டிகளிடமும் வசூலித்தன. சென்னை மாகாண மோட்டார் வாகன வரிச் சட்டம் 1931-இல் வந்ததும் அந்தக் கேட்டுகள் எடுக்கப்பட்டன. திருச்சி நம்பர் 1 டோல்கேட், வடசென்னை டோல்கேட் என்று பெயர்கள் மட்டும் பேருந்துப் பலகைகளில் தங்கிவிட்டன. நாற்கரச் சாலைகளோடு கட்டணம் திரும்பி வந்தபோது பழைய சொல்லும் கூடவே வந்தது. ‘சுங்கச்சாவடி’ என்பது பலகையிலும் செய்தியிலும்தான். லாரிக்காரர் வாயில் இது இன்றும் டோல்கேட்தான்.

ரொக்கம் இல்லாத வசூலுக்கு நந்தன் நிலேகணி தலைமையிலான குழு 2010-இல் வழி சொன்னது. பேட்டரி தேவைப்படாத மலிவான ஒட்டுவில்லையே போதும் என்பது அதன் பரிந்துரை. 2014-இல் அகமதாபாத்–மும்பை சாலையில் அந்த வில்லை ஃபாஸ்டேக் என்ற பெயரில் அறிமுகமானது. மறு ஆண்டு சென்னை–பெங்களூரு சாலைக்கு வந்தது. 2017 டிசம்பர் முதல் புதிய நான்கு சக்கர வாகனங்கள் வில்லையோடுதான் விற்பனையாயின. 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் எல்லாத் தடங்களும் ஃபாஸ்டேக் தடங்களாக அறிவிக்கப்பட்டு, வில்லை இல்லாத வண்டிகளிடம் இரு மடங்கு வாங்கப்பட்டது. 2025 நவம்பர் 15-இல் இதில் சிறு தளர்வு வந்தது: வில்லை இல்லாவிட்டாலோ வேலை செய்யாவிட்டாலோ ரொக்கத்துக்கு இரு மடங்கு, யு.பி.ஐ. வழியாகக் கட்டினால் ஒன்றேகால் மடங்கு.

முன்கண்ணாடியில் ஒட்டிய வில்லைக்குள் ஒரு சில்லும் மெல்லிய ஆண்டெனாவும் இருக்கின்றன. தடத்தின் மேலே தொங்கும் கருவி அனுப்பும் வானொலி அலையே அந்தச் சில்லுக்கு மின்சாரம். அது தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. கார், ஜீப், வேன் வகைக்கு ஊதா வில்லை. மற்ற வகைகளுக்கு வேறு நிறங்கள். தடத்தில் உள்ள உணரிகள் அச்சுகளை எண்ணி, வில்லையில் பதிந்த வகையும் வந்திருக்கும் வண்டியும் பொருந்துகின்றனவா என்று பார்க்கின்றன. சாவடியின் கணினியிலிருந்து வசூல் வங்கி, அங்கிருந்து தேசிய கொடுப்பனவுக் கழகம், அங்கிருந்து வில்லை கொடுத்த வங்கி என்று கணக்கு நகர்கிறது. தடுப்புக் கட்டை இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. வில்லை கறுப்புப் பட்டியலில் இல்லை என்று தெரிந்ததும் உயர்ந்துவிடும்; பணம் பிறகு கழியும்.

வண்டியும் பணமும் இப்படிப் பிரிந்ததால் அதிகம் மாறியது லாரித் தொழில்தான். முன்பு முதலாளி டோலுக்கும் டீசலுக்கும் பாட்டாவுக்கும் பணத்தை எண்ணி ஓட்டுநர் கையில் கொடுப்பார்; ஊர் திரும்பியதும் ரசீதுக் கட்டை வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். இப்போது லாரி பாளையத்தைக் கடந்தால் நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ இருக்கும் உரிமையாளரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி போகிறது. வண்டி எங்கே இருக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது. ரசீதுச் சண்டை ஓய்ந்தது உண்மையான நன்மை. ஆனால் இருப்பு குறைந்து தடத்தில் சிக்குகிறவர் ஓட்டுநர். பின்னால் ஹாரன் அலற, கணக்கில் பணம் போடச் சொல்லி முதலாளிக்குப் போன் அடித்துக்கொண்டிருப்பதும் அவரே. வில்லை அழுக்கேறியோ கீறலுற்றோ இருந்தால் ஊழியர் கைக்கருவியோடு வந்து கண்ணாடியருகே எக்கிப் படிக்கவேண்டியிருக்கிறது.

பயணிக்குச் சாதகமான ஒரு விதி பலருக்குத் தெரிவதில்லை. வில்லை செல்லுபடியாகி, கணக்கில் பணமும் இருந்து, சாவடியின் கருவி படிக்கத் தவறினால் கட்டணமின்றி விடவேண்டும். சுழிய ரசீதும் தரவேண்டும். 2018 முதல் இது சட்டவிதி. வரிசை 100 மீட்டரைத் தாண்டினால் கட்டணம் வேண்டாம் என்ற 2021 மே மாத ஏற்பாடு பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதை நம்பி வாதாடுவது இனிப் பயன் தராது. போகாத சாவடிக்குப் பணம் கழிந்தால் 1033-க்கு அழைக்கலாம். தனிப்பயன்பாட்டுக் கார், ஜீப், வேன்களுக்கு 2025 ஆகஸ்ட் 15-இல் 3,000 ரூபாய் விலையில் ஆண்டுச் சீட்டு வந்தது. 200 கடப்புகள் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அதுவரை. சரக்கு லாரிகளுக்கும் வாடகைக் கார்களுக்கும் இது கிடையாது. இரு சக்கர வாகனங்களுக்குக் கட்டணமே இல்லை.

பாளையத்தை மற்றச் சாவடிகளிலிருந்து வேறுபடுத்துவது அது இருக்கும் இடம். சாவடியைத் தாண்டித் தெற்கே போனால் கட்டமேடு, இரட்டைப் பாலம் என்று விபத்துச் செய்திகளில் அடிபடும் பெயர்களைக் கொண்ட நீண்ட இறக்கம். டீசலை மிச்சப்படுத்த கியரை நியூட்ரலில் போட்டு இறங்கும் பாரலாரி, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் முன்னே நிற்கும் வண்டிகளின் மேல் ஏறுவது இங்கே மீண்டும் மீண்டும் நடந்திருக்கிறது. 2020 டிசம்பரில் சிமென்ட் லாரி ஒன்று பத்துக்கும் மேற்பட்ட வாகனங்களை நசுக்கியது. 2024 ஜனவரியில் நடந்த விபத்தில் நால்வர் இறந்தனர். அதன் காணொளி நாடெங்கும் பரவியது. வளைவுகளைத் தவிர்க்கச் சுமார் 6.6 கி.மீ. தூரத்துக்கு உயர்மட்டச் சாலைத் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது.

தடுப்பே இல்லாமல், ஓடும் வண்டியின் வில்லையையும் எண் பலகையையும் மேலிருந்து படித்துக் கட்டணம் எடுக்கும் முறை குஜராத்தின் சோர்யாசிச் சாவடியில் தொடங்கி நாடெங்கும் பரவ இருக்கிறது. வரிசையும் புகையும் ஒழிவது நல்லதே. தொப்பூரில் மட்டும் ஒன்றைத் தனியே யோசித்தாக வேண்டும். சாவடி இருக்கும்வரை ஒவ்வொரு பாரலாரியும் இறக்கத்துக்கு முன் வேகம் குறைத்துக் கியரை இறக்கியாக வேண்டியிருக்கிறது. கட்டணத்துக்காக நிற்பது நீங்கும்போது, கனரக வாகனங்கள் மட்டும் ஒதுங்கி நின்று பிரேக்கைச் சோதித்து முதல் அல்லது இரண்டாம் கியரில் புறப்பட ஒரு கட்டாயத் தடத்தை, உயர்மட்டச் சாலை முடியும்வரையாவது, அதே இடத்தில் வைத்திருக்கவேண்டும்.