வெள்ளித் தேரும் அதீனாவின் ஆடையும்

தைப்பூசத்துக்கு முதல் நாள் காலை. பினாங்கு மக்கள் அதைச் 'செட்டிப்பூசம்' என்பார்கள். ஜார்ஜ்டவுன் பினாங்கு வீதியில் உள்ள நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து முருகனின் வெள்ளித் தேர் தண்ணீர்மலையை நோக்கிப் புறப்படுகிறது. வழியெங்கும் தேங்காய்க் குவியல்கள். உடைப்பவர்கள் யார் என்று பாருங்கள். அவர்களில் ஏராளமானோர் சீனர்கள்! சில்லுகளை வாரி ஒதுக்கினால்தான் தேர் நகர முடியும்.

அந்தச் சீனக் கடைக்காரருக்குக் கந்த புராணம் தெரியாது. வேண்டிக்கொண்டார், நடந்தது, உடைக்கிறார். இது பக்தியா, பழக்கமா? பண்டைய ஏதென்ஸ் நகரத்துக்காரர் ஒருவரைக் கூட்டி வந்து இப்படிக் கேட்டால், அவருக்குக் கேள்வியே விளங்காது.

ஏனென்றால் பழைய கிரேக்கர்களின் சமயத்தில் வேதநூல் கிடையாது. இதை நம்பினால்தான் நீ எங்கள் ஆள் என்று சொல்லும் கொள்கை வாசகமும் கிடையாது. எல்லா ஊருக்கும் பொதுவான தலைமைக் குருவும் இல்லை. சாமிக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயா என்பதுதான் பேச்சு. பலி கொடுத்தால் எலும்பையும் கொழுப்பையும் நெருப்பில் இட்டு, இறைச்சியை ஊரார் பங்கிட்டு உண்பார்கள். நல்ல பங்கு மனிதனுக்கு எப்படி வந்தது என்பதற்கு, பிரமீத்தியஸ் ஜீயஸை ஏமாற்றிய கதையை ஹீசியட் என்ற புலவர் பாடி வைத்தார். அங்கே திருவிழா என்றால் ஊருக்கே விருந்து. தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தல்களில் சாதம் வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

வேண்டுதல்களைப் பார்த்தால் இன்னும் வியப்பு. கிரேக்க இளைஞர்கள் முடியை வளர்த்துத் தெய்வத்துக்குக் காணிக்கை தருவார்கள். கொரிந்து நகரில் அஸ்கிலேப்பியஸ் என்ற மருத்துவத் தெய்வத்தின் கோயில் இருந்த இடத்தைத் தோண்டியபோது, சுட்ட மண்ணால் செய்த கைகளும் கால்களும் காதுகளும் கிடைத்தன. நோய் தீர்ந்தவர்கள் செலுத்தியவை. நம் ஊர்க் கோயில்களில் வெள்ளியில் உரு வாங்கிப் போடுகிறோமே, அதேதான்.

ஏதென்ஸின் பெருவிழா பானதீனியா. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது மிகப் பெரிதாக நடக்கும். நகரத்துப் பெண்கள் மாதக்கணக்கில் நெய்த ஆடையைக் கப்பல் வடிவ வண்டியில் பாய் போலக் கட்டி, கடைத்தெரு வழியாக அக்ரோபோலிஸ் குன்றை நோக்கிக் கொண்டு போவார்கள். அந்த ஆடையில் தேவர்கள் அரக்கர்களை வெல்லும் காட்சி இருக்கும். அவர்கள் ஊர்ச் சூரசம்ஹாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் குடியேறிய வெளிநாட்டவர்க்கு ஓட்டுரிமை இல்லை, நிலம் வாங்கும் உரிமை இல்லை. ஆனால் ஊர்வலத்தில் ஊதா உடையில் தட்டேந்திச் செல்லும் இடம் அவர்களுக்கு உண்டு.

குடியேறியவர்கள் என்றதும் தண்ணீர்மலையின் கதை நினைவுக்கு வருகிறது. பிரான்சிஸ் லைட் பினாங்கில் கால் வைத்தது 1786-இல். பின்னால் வந்த தமிழ்த் தொழிலாளர்கள் அருவிக்கு அருகே சிறு சந்நிதி வைத்து முருகனை வணங்கினார்கள். நகரத்துக்குக் குடிநீர் எடுக்க ஆங்கிலேயருக்கு அந்த இடம் தேவைப்பட்டது. முருகன் இடம் மாறினார். நகரத்தார் 1850-களில் தங்கள் கோயிலைக் கட்டினர். 1894-இல் வெள்ளித் தேர் காரைக்குடியிலிருந்து கடல் கடந்து வந்தது. 2012-இல் மலைமேல் புதிய கோயில் எழுந்தது, ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளோடு.

கிரேக்கர்களும் இப்படித்தான் தெய்வத்தைக் கப்பலில் ஏற்றிச் சென்றார்கள். கி.மு. 600-ஐ ஒட்டி, இன்றைய பிரான்சின் மார்செய் நகரை நிறுவப் போனவர்கள் வழியில் எபேசஸில் இறங்கினார்களாம். அங்கிருந்து அரிஸ்டார்க்கே என்ற பெண் ஆர்ட்டெமிஸ் தெய்வத்தின் உருவத்தோடு கப்பலேறினாள். புதிய ஊரில் அவளே பூசாரியும் ஆனாள். இதை எழுதி வைத்தவர் ஸ்ட்ராபோ. பினாங்குக்கு முதலில் முருகனைக் கொண்டு வந்த தொழிலாளியின் பெயரை எழுதி வைக்க ஸ்ட்ராபோ யாரும் இல்லாமல் போனார்கள்.

2017-இல் தண்ணீர்மலைக்குத் தங்க ரதமும் வந்தது. இந்து அறப்பணி வாரியத்தின் ஏற்பாட்டில் அது குயின் வீதி மகா மாரியம்மன் கோயிலிலிருந்து முருகனின் வேலைச் சுமந்து வரும். ஒரு முருகனுக்கு இரண்டு தேர் எதற்கு என்ற வாதம் அப்போது சூடாக நடந்தது. ஏதென்ஸ்காரர் இதற்கும் திகைக்க மாட்டார். அவருடைய குன்றில் அதீனாவே பல உருவங்களில் இருந்தாள். கி.மு. 438-இல் சிற்பி பீடியாஸ் தங்கத்தாலும் தந்தத்தாலும் செய்த மாபெரும் அதீனா உலகப் புகழ் பெற்றது. ஆனால் பானதீனியாவின் ஆடை அவளுக்குப் போகவில்லை. வானத்திலிருந்து விழுந்தது என்று நம்பப்பட்ட பழைய ஒலிவ மரச் சிலைக்குத்தான் போயிற்று! தங்கத்தின் கதி வேறு. போர் மூண்டபோது, அந்தச் சிலையில் கழற்றக்கூடிய 40 தாலந்து தங்கம் இருக்கிறது, தேவைப்பட்டால் எடுத்துப் பின்பு திருப்பி வைக்கலாம் என்று பெரிக்ளீஸ் கணக்குச் சொன்னார். சொன்னவர் எடுக்கவில்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லக்காரஸ் என்ற கொடுங்கோலன் கழற்றிக்கொண்டான்.

தங்கம் போன பின்பும் வழிபாடு அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. அதை வீழ்த்தியது அரசாணை. கி.பி. 391, 392 ஆண்டுகளில் ரோமப் பேரரசன் தியோடோசியஸ் பலிகளையும் கோயில் வழிபாட்டையும் தடை செய்தான். பூசாரிகள் அரசின் ஆட்கள். விழாச் செலவு நகரத்தின் செலவு. அரசு கையை எடுத்ததும் ஊர்வலங்கள் ஒவ்வொன்றாக நின்றன. சொந்த வீட்டில் விளக்கேற்றுவதைக்கூட அந்தச் சட்டம் விட்டு வைக்கவில்லை. பிளேட்டோவின் நூல்கள் பிழைத்தன, பார்த்தினான் தூண்கள் நின்றன. நேர்த்திக்கடன் செலுத்த மட்டும் ஆள் இல்லை.

2021-இல் கொரோனாவால் பினாங்கு வீதியிலும் தேர் ஓடவில்லை. தடை நீங்கியதும் தேர் வந்தது, காவடி வந்தது, சீனர்களின் தேங்காயும் வந்தது.

ஏதென்ஸிலிருந்து எலூசிஸ் ஊருக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ஆண்டுதோறும் விரதம் இருந்தவர்கள் அந்த வழியாக நடந்து போய்த் தெமீத்தர் அன்னையை வணங்கினார்கள். கிரேக்க மொழி பேசத் தெரிந்திருக்க வேண்டும், அடிமையும் போகலாம். அந்தச் சாலைக்கு இன்றைக்கும் 'புனித வழி' என்றே பெயர். அதில் இப்போது பஸ்கள் ஓடுகின்றன.