தணிதலும் அடக்கலும்: பெற்றோர் சினம் பற்றித் திருத்தணி மரபு உணர்த்துவது

கந்த சஷ்டியில் பிற முருகன் தலங்களில் சூரசம்ஹாரம் நிகழும். திருத்தணியில் அது இல்லை, மலர் வழிபாடே உண்டு. சூரபத்மனோடு பொருத முருகன் சினம் தணிந்து அமர்ந்த மலை இது என்கிறது தலவரலாறு. செரு தணிந்த இடமாதலால் செருத்தணி என்றும், அதுவே திருத்தணி ஆயிற்று என்றும் மரபு பெயர்க்காரணம் சொல்லும். பிள்ளைகள்மேல் சினம் மூளும் பெற்றோருக்கு இம்மரபு ஒரு நடைமுறை அறிவைத் தருகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தமிழில் பசி தணியும், தாகம் தணியும், காய்ச்சல் தணியும், கோபமும் தணியும். இவை யாவும் உடலின் நிலைகள். உரிய நேரம் கிடைத்தால் இறங்குபவை. அடக்கிய கோபமோ உள்ளேயே கிடந்து, பால் கொட்டியது போன்ற சிறு பிழைக்கும் வெடிக்கிறது.

கோபம் ஏன் பிள்ளைமேல் பாய்கிறது? திருக்குறளின் 'வெகுளாமை' அதிகாரம், சினம் செல்லுபடியாகும் இடத்தில் காப்பவனையே சினம் காப்பவனாக ஏற்கிறது. அவ்விடத்தைத் தன்னின் எளியார் என விளக்குவார் பரிமேலழகர். மேலதிகாரியிடம் விழுங்கிய கோபத்தை வீட்டில் பிள்ளையிடம் கக்கும்போது நாம் தோற்பது இங்கேதான். அவ்வதிகாரம் துறவறவியலில் இருப்பினும், அதன் கடும் சோதனை இல்லறத்தில்தான் நிகழ்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. வீட்டுக்கு அக்காவல் இல்லை, பெற்றோரே காவல்.

கத்தாவிட்டால் பிள்ளை அடங்குமா என்பது நியாயமான கேள்வி. கத்தினால் அந்தக் கணம் அடங்கும். அவ்வெற்றியே பெற்றோரைக் கத்தப் பழக்குகிறது. பிள்ளையோ உரத்த குரலுக்கு மட்டுமே செவிசாய்க்கப் பழகுகிறது. உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் 1982இல் வெளியிட்ட நூலில் விளக்கிய குடும்பச் சுழல் இத்தகையது. மிங்-டே வாங், சாரா கென்னி இருவரும் அமெரிக்காவில் 976 குடும்பங்களில் நடத்திய ஆய்வு 2014இல் அச்சேறியது. 13 வயதில் கடுஞ்சொல்லுக்கு ஆளான பிள்ளைகளிடம் அடுத்த ஓராண்டில் மனச்சோர்வும் நடத்தைச் சிக்கலும் கூடியதை அது கண்டது. பெற்றோரின் பாசம் அப்பாதிப்பைக் குறைக்கவில்லை. 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்ற நம் ஆறுதலை இம்முடிவு அசைக்கிறது.

சூரபத்மனோடு போர் நடந்த திருச்செந்தூர் தமிழகத்தின் தென்கோடியில்; சினம் தணிந்த மலை ஆந்திர எல்லையருகே. மூண்ட இடத்திலேயே சினம் தணிந்ததாக மரபு சொல்லவில்லை. பெற்றோருக்கும் இது பொருந்தும். பிள்ளைக்கு ஆபத்தில்லை என்று உறுதிசெய்துகொண்டு, "அம்மாவுக்குக் கோபமா இருக்கு, கொஞ்ச நேரம் கழிச்சுப் பேசறேன்" என்று சொல்லி அறையை விட்டு நகரலாம். ஒன்றும் சொல்லாமல் விலகினால் பிள்ளை அதைத் தண்டனையாகக் கொள்ளும். மூச்சு சீரானதும் திரும்பி வந்து, செய்த பிழையைத் தாழ்ந்த குரலில் எடுத்துச் சொல்ல வேண்டும். திரும்பி வராவிட்டால் அது தணிதல் ஆகாது, கைவிடுதலே. கத்திவிட்ட நாளில் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதும் இத்திரும்புதலின் பகுதி.

முருகன் வள்ளியை மணந்த தலமாகவும் திருத்தணி போற்றப்படுகிறது. சினம் தணிந்த இடமே உறவு கூடிய இடமாகவும் இருப்பதைப் பெற்றோர் மனத்தில் கொள்ள வேண்டும்.